‘அண்ணா... ஏழாம் வாய்ப்பாடு சொல்லட்டுமா?’

2020 ஜூலை. காலை பத்தரை மணி. இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, இடுப்புக்குக் கீழே லுங்கி என்று பாதி ஆபீசராக லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் மானேஜர். சுற்றிலும் கட்டம் கட்டமாகச் சக ஊழியர்கள். “இந்த மாச டார்கெட் என்னன்னா...” என்று மானேஜர் தொண்டையைக் கனைத்த நேரம் பார்த்து என் செல்போன் அலறியது. பதறிப்போய்த் தடவினேன். கட் ஆவதற்குப் பதில் ஸ்பீக்கர் ஆன் ஆகித் தொலைத்தது.

“அண்ணா... டீச்சர் தம்பியா? ஏழாம் வாய்ப்பாடு சொல்லட்டுமா? ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு... மூவேழு...”

மீட்டிங்கில் மயான அமைதி. மூவேழில் அந்தக் குரலும் நின்றுவிட்டது. யோசிக்கிறது. எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. திடீரென்று மானேஜர் வாயைத் திறந்தார்.

“இருபத்தொண்ணும்மா!”

“தேங்ஸ் சார்! நாலேழு இருபத்தெட்டு...”

எழுபது வரைக்கும் எல்லாரும் கேட்டோம். அன்றிலிருந்து ஆபீஸில் எனக்கு ‘ஏழாம் வாய்ப்பாடு’ என்றே பெயராகிவிட்டது.

மூணாம் கிளாஸ் பெண்ணுக்கு என் நம்பர் எப்படிக் கிடைத்தது? எல்லாம் என் அக்காவின் கைங்கரியம்!

மார்ச் 31 வரைக்கும்தான் லீவு!

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். சவுக்குத் தோப்பு, மணிலாக் கொல்லை, மாரியம்மன் கோயில், டீக்கடை, ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒண்ணாம் கிளாஸிலிருந்து அஞ்சாம் கிளாஸ் வரை மொத்தமே 31 பிள்ளைகள்தான். வாத்தியார் ரெண்டு பேர். ஒருத்தர் ஹெச்.எம்., இன்னொருத்தர் என் அக்கா. கொரோனா வந்து மேன்ஷனைக் காலி செய்யச் சொன்னதும், மார்ச் 23-ம் தேதி கோயம்பேடு கூட்டத்தில் நசுங்கி, அக்கா வீட்டுத் திண்ணையில் வந்து விழுந்தவன் நான்.

அந்த மார்ச் மாத நடுவில் பள்ளிக்கூடங்களை மூடும்போது, ‘31-ம் தேதி வரைக்கும் லீவு’ என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடினார்களாம். தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகள் மறுபடி திறந்தது எப்போது தெரியுமா? 2021 நவம்பர் 1-ம் தேதி! கிட்டத்தட்ட பத்தொன்பதரை மாதம். நடுவில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்காவது கொஞ்ச நாள் கதவு திறந்தது. இந்தப் பொடிசுகளுக்கு அதுவும் இல்லை.

முதல் ஒரு மாதம் அக்கா சும்மா இருந்தாள். அப்புறம் ஒருநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, 31 பெயரையும் எழுதி, பக்கத்தில் கோடு போட்டாள்.

“என்னக்கா கணக்கு?”

“எந்த வீட்டிலே என்ன போன் இருக்குன்னு எழுதறேன்டா.”

ஸ்மார்ட் போன் உள்ள வீடு 12. பட்டன் போன் 14. போனே இல்லாத வீடு 5. சரி, அந்த 12 பிள்ளைகளுக்காவது ஆன்லைன் கிளாஸ்தானே என்று நான் கேட்டதும் அக்கா சிரித்தாள்.

“போன் வீட்டிலே எங்கேடா இருக்கு? அவங்கப்பா சட்டைப் பையிலே இருக்கு. அவரு காலையிலே ஏழு மணிக்குப் பெயின்ட் அடிக்கப் போனா ராத்திரி எட்டுக்குத்தான் வருவாரு.”

அக்கா சொன்னதை அப்புறம் நாட்டுக் கணக்கே உறுதிப்படுத்தியது. ‘அசர்’ என்று கிராமப்புறக் கல்வி பற்றி ஒரு சர்வே எடுப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட் போன் இருந்தது 2018-ல் 36.5 சதவிகிதம். 2020-ல் 61.8. 2021-ல் 67.6. கடன் வாங்கியாவது போன் வாங்கியிருக்கிறார்கள் ஜனங்கள். ஆனால், போன் இருந்த வீடுகளிலேயே கால்வாசிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கைக்கு அது வரவே இல்லை என்கிறது அதே சர்வே.

குட்மார்னிங் ரோஜாவும் வீட்டுப்பாடமும்

முதலில் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தாள் அக்கா. காலையில் கணக்குப் பாடத்தைப் போட்டோ எடுத்துப் போடுவாள். அதன்மேல் மளமளவென்று வந்து விழும்... குட்மார்னிங் ரோஜா, கபசுரக் குடிநீர் செய்முறை, மிளகு ரசம் சாப்பிட்டால் கொரோனா ஓடிவிடும் என்று முன்பின் தெரியாத டாக்டரின் குரல், யாருடைய மாட்டையோ காணோம் என்ற அறிவிப்பு. சாயந்திரத்துக்குள் கணக்குப் பாடம் பாதாளத்துக்குப் போயிருக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பதில்கள் வரும். அப்பா வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, போன் சார்ஜ் ஏறி, அதற்கப்புறம் தூங்கி வழிகிற பிள்ளை எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்புவார். பாதி விடைத்தாள், பாதி கட்டைவிரல். அக்கா நடுராத்திரி வரைக்கும் விரலாலேயே திரையில் ‘டிக்’ போடுவாள்.

பட்டன் போன் பிள்ளைகள்? அங்கேதான் நான் மாட்டினேன்.

“உனக்குத்தான் பேச்சு இலவசம்னு ரீசார்ஜ் பண்ணியிருக்கியேடா. சாயந்திரம் ஏழிலிருந்து எட்டு வரைக்கும் ஏழு பிள்ளைங்களுக்கு நீ போன் பண்ணு. மீதி ஏழு எனக்கு. ஆளுக்கு ஒரு பத்தி படிக்கச் சொல்லு. தப்பு வந்தா திருத்து. நல்லாப் படிச்சா ‘சபாஷ்’னு சொல்லு. அது முக்கியம்.”

அப்படி வந்ததுதான் ஏழாம் வாய்ப்பாடு. அன்றைக்கு அந்தப் பெண்ணின் அப்பா வேலைக்குப் போகவில்லை. போன் கைக்குக் கிடைத்த சந்தோஷத்தில், சாயந்திரம் வரை பொறுக்க முடியாமல் காலையிலேயே அடித்துவிட்டது!

போன் இல்லாத அஞ்சு வீட்டுக்கு அக்காவின் ஸ்கூட்டிதான். கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு. ஹெச்.எம்.முக்குப் பயம். “மேலே தெரிஞ்சா மெமோ வரும்மா” என்பார். ஆனால் அடுத்த நாள் அவரே டி.வி.எஸ். ஃபிப்டியில் இன்னொரு தெருவுக்குப் போய்க்கொண்டிருப்பார். வேப்பமரத்தடியில் நாலைந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கை இடைவெளி, வாயில் அம்மாவின் பழைய புடவையில் தைத்த மாஸ்க்.

இலவச கலர் டி.வி.யும் கைகொடுத்தது. 2019 ஆகஸ்டிலேயே அரசு ஆரம்பித்திருந்த கல்வித் தொலைக்காட்சி, அரசு கேபிளில் 200-ம் நம்பர். கரெண்ட் இருந்து, கேபிளும் இருந்து, அந்த நேரத்தில் வீட்டில் சீரியல் ஓடாமலும் இருந்தால் பாடம் பார்க்கலாம். ஒரு வீட்டில் பேத்தியோடு உட்கார்ந்து பார்த்த பாட்டி, ‘க, கா, கி, கீ’யை முழுசாகக் கற்றுக்கொண்டுவிட்டார். “பேத்திக்குத்தான் இன்னும் வரலே டீச்சர்” என்றார் பொக்கை வாய்ச் சிரிப்போடு.

அரிசி போடற நாள்

ஆனால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருந்தது ஒரே ஒரு நாள்தான். அரிசி போடற நாள்!

சத்துணவு சமைத்துப் போட முடியாதே... அதற்குப் பதில் அரிசியும் பருப்புமாகக் கொடுத்தார்கள். 2020 மே மாதக் கணக்குக்குத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குத் தலா 3 கிலோ 100 கிராம் அரிசி, 1 கிலோ 200 கிராம் பருப்பு. நாளைக்கு 100 கிராம் வீதம் 31 நாள் அரிசி. அப்புறம் முட்டையும் வந்தது. சத்துணவு அமைப்பாளர் அம்மா தராசோடு உட்கார, சுண்ணாம்பால் வட்டம் போட்ட இடங்களில் பையோடு வந்து நிற்பார்கள் தாய்மார்கள், கூடவே பிள்ளைகள்.

அக்கா பள்ளிக்கூட வாசலில் ஸ்டூல் போட்டுக்கொண்டு உட்காருவாள். வரிசை நகர நகர ஒவ்வொரு பிள்ளையும் அவள் முன்னால் வந்து நிற்கும். மூணு வரி படிக்கணும். ஒரு கணக்குப் போடணும். நகம் வெட்டியிருக்கிறதா என்று காட்டணும். அப்புறம்தான் அரிசி! போனில் ‘நல்லாப் படிக்கிறான் டீச்சர்’ என்று அப்பா சொன்னதெல்லாம் அந்த ஸ்டூல் முன்னால் சாயம் வெளுத்துவிடும். யார் வீட்டில் வேலை இல்லை, யார் இளைத்துவிட்டது, எந்தப் பெண் பேச்சையே குறைத்துக்கொண்டது... எல்லாம் அந்த ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துபோகும்.

“போன்லே குரல்தான்டா வருது. முகம் இங்கேதான் வருது” என்பாள் அக்கா.

ஏழரை மணிக்கு வராத போன்

இதுவரைக்கும் ஜோக்கடித்துக்கொண்டே வந்தேன். இனிமேல் முடியாது.

என் ஏழு பேரில் கடைசி ஆள் ஒரு ரெண்டாம் கிளாஸ் பையன். சட்டையில் பட்டனுக்குப் பதில் ஊக்கு குத்தியிருப்பான். அதனால் எனக்கு அவன் ‘ஊக்கு’. ஒண்ணாம் கிளாஸில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்த நேரத்தில் பள்ளியை மூடிவிட்டார்கள். தினமும் ஏழரை மணிக்கு அவன் முறை. “ப... ட... ம்... படம்!” என்று ஒவ்வொரு எழுத்தாக மலை ஏறுவதுபோல ஏறுவான். முழுசாகச் சொல்லி முடித்ததும் அவனே “சபாஷ்” என்று சொல்லிக்கொள்வான். பொங்கலுக்கு முன்னால் ரெண்டு வரிப் பாட்டைத் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டான்.

2021 பொங்கல் முடிந்த வாரம் ஆபீஸில் தலைபோகிற வேலை. ராத்திரி பத்து மணி வரைக்கும் மீட்டிங். முதல் நாள் போன் பண்ணவில்லை. சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம். ரெண்டாம் நாளும் இல்லை. மூணு, நாலு... அஞ்சாம் நாள் கூப்பிட்டபோது போன் ஸ்விட்ச் ஆஃப். குடும்பத்தோடு செங்கல் சூளைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். எந்த ஊர்ச் சூளை என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அக்காவின் நோட்டில் 31 பெயரில் ஒரு பெயருக்கு நேரே மட்டும் கோடு காலியாக இருந்தது.

ஆடி மாதம் திரும்பி வந்தார்கள். அக்கா ஸ்கூட்டியில் என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். புத்தகத்தை விரித்தாள். ஊக்கு பார்த்தான். ‘ப’வும் ‘ம’வும் ‘ய’வும் அவனுக்கு ஒன்றுபோலத் தெரிந்தன. தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் அம்மா கோபமாக எதுவும் சொல்லவில்லை. “போறதுக்கு முன்னாடி நாலு நாளும் ஏழரை மணியானா போனை மடியிலே வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பான் தம்பி. ‘அண்ணா கூப்பிடுவாரு’ன்னு. நீங்க வேலையா இருந்திருப்பீங்க...” என்றார்.

டார்கெட்டை அந்த மாதம் முடித்துவிட்டேன். எவ்வளவு என்று இப்போது ஞாபகம் இல்லை. அந்த ஏழரை மணி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தெருவுக்கு வந்த பள்ளிக்கூடம்

2021 அக்டோபர் 27-ம் தேதி, எங்கள் மாவட்டத்திலேயே, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சாயந்திரம் அஞ்சிலிருந்து ஏழுக்குள், தெருவிலேயே, ஒரு தன்னார்வலருக்குச் சுமார் இருபது பிள்ளைகள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தமிழ்நாடு முழுக்கச் சுமார் 2 லட்சம் பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஊக்கு வீட்டுக்கு மூணாவது வீட்டில், படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த ஒரு பெண் கோலம் போடற வாசலில் பாய் விரித்தார்.

இதனால் பலன் உண்டா? பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரோமேரோ மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளிகள் மூடியதால் படிப்பு நன்றாகவே சரிந்திருந்தது. ஆனால் திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால்பங்கு இந்தத் தெருவாசல் வகுப்புகளின் புண்ணியம்!

மீதி மூன்றில் ஒரு பங்கு? அதுவும் இருக்கிறது. 2020-ல் ஒண்ணாம் கிளாஸில் பெயர் கொடுத்த பிள்ளை, முதல்முதலாகப் பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்ததே ரெண்டாம் கிளாஸ் பாதியில்தான். அவர்களை நினைத்தால் அக்கா இன்னும் பெருமூச்சு விடுவாள்.

2021 நவம்பர் 1-ம் தேதி பள்ளிக்கூட வாசலில் மாவிலைத் தோரணம், ஆளுக்கு ஒரு மிட்டாய். அக்கா நோட்டை எடுத்து ஆஜர் எடுத்தாள். 31-ல் அஞ்சாம் கிளாஸ் முடித்துப் போனவர்கள் போக மீதிப் பேர் அத்தனையும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஊக்கு.

இந்தக் கதையை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்கள் கையிலும் போன் இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கும். அடுத்த வெள்ளமோ புயலோ காய்ச்சலோ வந்து அந்தக் கதவைப் பூட்டினால், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். அவ்வளவுதான் தேவை. ஆனால், ஆரம்பித்தால் நடுவில் விட்டுவிடாதீர்கள்.

2022 ஜூலை. சென்னை ஆபீஸ். லுங்கி போய் பேன்ட் வந்துவிட்டது. அதே மானேஜர், அதே டார்கெட். மேஜைமேல் என் போன் அதிர்ந்தது. அக்கா நம்பர். கட் பண்ணக் கை போனது.

“எடுப்பா, ஏழாம் வாய்ப்பாடா இருக்கப் போவுது!” என்றார் மானேஜர்.

எடுத்தேன். ஊக்கு! இப்போது நாலாம் கிளாஸ்.

“அண்ணா... மீட்டிங்கா?”

“இல்லேடா, சொல்லு.”

ஒரு பாடம் முழுசாகப் படித்தான். ரெண்டு இடத்தில் தடுக்கினான், தானே திருத்திக்கொண்டான். முடித்ததும் ஒன்றும் பேசாமல் நின்றான். எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

“சபாஷ்!” என்றேன்.