பிள்ளையின் மேற்படிப்பும் 28 நாள் இருப்பும்

நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்து சென்று மேற்படிப்பு படிக்க விரும்புகிறார்கள். மதிப்பெண் இருக்கிறது; பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிடுகிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. அந்தச் சிக்கல் பிள்ளையின் படிப்பில் இல்லை. நம்முடைய வரவு செலவு முறையில் இருக்கிறது.

நம்மிடம் பணம் இல்லாமல் இல்லை. அது குடோனில் சரக்காகவும், வெளியூரில் பாக்கியாகவும், கல்லாவில் ரொக்கமாகவும் இருக்கிறது. விசா அதிகாரி நம் குடோனைப் பார்க்க வருவதில்லை. வங்கிக் கணக்கில் உள்ள இருப்பைத்தான் பார்க்கிறார்.

எவ்வளவு காட்ட வேண்டும்?

முதலாண்டுக் கட்டணத்தில் செலுத்தியது போக மீதமும், 9 மாத வாழ்க்கைச் செலவும் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, வாழ்க்கைச் செலவு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு; லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. அதாவது 9 மாதத்துக்கு முறையே 13,761 பவுண்டு, 10,539 பவுண்டு.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒருநாள்கூடக் குறையக் கூடாது. அந்த 28ஆம் நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும்.

இங்கேதான் வியாபாரி இடறுகிறார். செப்டம்பரில் வகுப்பு தொடங்குமென்றால் ஜூலை, ஆகஸ்டில் விண்ணப்பம். ஜவுளி வியாபாரிக்கோ அது தீபாவளிக் கொள்முதல் தொடங்கும் நேரம். 20ஆம் நாள் சூரத்துக்குச் சரக்குப் பணம் அனுப்பி, 22ஆம் நாள் திரும்பக் கட்டினாலும், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான்.

யார் பெயரில்?

கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் தேவை. கூட்டுக் குடும்பமாகத் தொழில் செய்யும் நாம், பெரியப்பா கணக்கையோ தாய்மாமன் கணக்கையோ காட்ட முடியாது. நகை, வீட்டுப் பத்திரம், பங்குகள், ஓவர்டிராஃப்ட் வரம்பு ஆகியவையும் செல்லாது. வங்கி மாணவர் பெயரில் அனுமதித்த கல்விக் கடன் ஏற்கப்படும். கொள்முதல் பணத்தில் கைவைக்க முடியாதவர்களுக்கு அது நல்ல வழி.

கடைசி வாரத்தில் கைமாற்று வாங்கி மொத்தமாகக் கட்டுவது ஆபத்து. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பில் போட்டு விற்று, முறையாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்பவருக்கு அந்தப் பதில் தயாராக இருக்கும்.

மேலும் சில செய்திகள்

பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிக் குறிப்பு எண், காசநோய்ப் பரிசோதனைச் சான்று, ஆங்கிலத் தேர்ச்சி ஆகியவையும் வேண்டும். படிப்பு முடிந்தபின் அங்கே வேலை பார்க்கத் தரும் 2 ஆண்டு அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு இக்குறைப்பு இல்லை. அங்கே சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பண்டிகைச் சரக்குக்கு ஆறு மாதம் முன்பே திட்டமிடுகிறோம். பிள்ளையின் படிப்புக்கும் அப்படியே செய்வோம். பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதும் அன்றே, ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுவோம். ஓர் ஆண்டு கைநழுவிப் போனால், அதை எந்த லாபத்தாலும் ஈடுகட்ட முடியாது.