சதைக்குள் வளரும் நகம்: எந்தச் சிகிச்சை நல்லது?



கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் குத்தி வளர்வது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் செருப்புப் போடவும், வேலைக்கு நடந்து போகவும் முடியாமல் செய்துவிடும். நகத்தின் ஓரங்களை வளைத்து ஒட்ட வெட்டுவதும், விரல்களை நெருக்கும் காலணிகளும் இதற்கு முக்கிய காரணங்கள்.

சிவப்பும் லேசான வலியும் மட்டும் இருந்தால், வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, ஈரம் துடைத்து, நக ஓரத்தின் அடியில் சிறிது பஞ்சு வைக்கச் சொல்வோம். தினமும் பஞ்சை மாற்ற வேண்டும். அநேகருக்கு இதுவே போதும், பொறுமைதான் தேவை.

சீழ் வைத்து, சதை புடைத்து, திரும்பத் திரும்ப வந்தால் சிலர் முழு நகத்தையும் பிடுங்கிவிடக் கேட்பார்கள். நாங்கள் தயங்குவோம். வேர் அப்படியே இருப்பதால் புதிய நகமும் பழையபடியே குத்தக்கூடும். ஊசி போட்டு விரலை மரத்துப்போகச் செய்து, குத்தும் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் எடுத்து, அங்குள்ள வேரில் பீனால் தடவுவதே மேல். 1865இல் ஜோசப் லிஸ்டர் காயத்துக்குப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலம் இதுதான். வேர் அழிவதால் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது. சில வாரங்கள் நீர் கசியும். நகம் சற்றுக் குறுகலாகும்.

சர்க்கரை நோயாளிகளும், காலில் உணர்வோ இரத்த ஓட்டமோ குறைந்தவர்களும் வீட்டில் பிளேடு வைக்கவே கூடாது. வலி தெரியாமல் புண் ஆழமாகி, விரலையே இழக்க நேரிடலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் சபையில் யாராவது நொண்டி நடப்பதைக் கண்டால், தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.