சொட்டும் இடமும் கசியும் இடமும்

கைமாறி வந்த மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் கசிவு இருந்தால், வாங்கிய அன்றைக்கு அது அநேகமாகத் தெரிவதில்லை. முதல் முறை பங்க்குக்குப் போய் டேங்க்கை நிரப்பிய பிறகுதான் தெரியவருகிறது. விற்பவர் பெரும்பாலும் பங்க் வரை போய்ச்சேரும் அளவுக்கே பெட்ரோல் விட்டு வைத்திருப்பார். அடியில் அரை லிட்டர் கிடக்கும்போது டேங்க்கின் நடுப்பகுதியில் இருக்கிற ஊசித்துளை நனைவதே இல்லை. கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோலைத் தடுத்து நிறுத்தும் ஊசியின் மீதும் அழுத்தம் குறைவு. ஐந்தாறு லிட்டர் உள்ளே போனதும் மட்டம் ஏறுகிறது, அழுத்தம் கூடுகிறது, அதுவரை அடங்கியிருந்த குறை சொட்டத் தொடங்குகிறது. ஏமாற்றி விற்றுவிட்டார் என்று வாங்கியவர் கொதிப்பதுண்டு. விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.

தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவே, வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற நீடாமங்கலத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உழைத்த வண்டி. நெல் மூட்டை, உர மூட்டை, புல்லுக்கட்டு என்று சுமந்து, வரப்போரத் தடத்திலும் களத்துமேட்டிலும் குலுங்கித் தேய்ந்தது. மற்றது, நின்ற வண்டி. வாங்கியவர் சிங்கப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ வேலைக்குப் போய்விட, வீட்டுத் தாழ்வாரத்தில் ஓரிரு ஆண்டுகள் தூசி படிந்து நின்றது. பார்ப்பதற்கு நின்ற வண்டிதான் புதிது போல இருக்கும், கிலோமீட்டரும் குறைவாகவே காட்டும். பெட்ரோல் கசிவைப் பொறுத்தவரை அதிகம் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். டேங்க்கில் விட்டுப்போன பெட்ரோல் மெல்ல ஆவியாகிப் பிசினாகக் கெட்டிப்படுகிறது. ரப்பர் வாஷர்கள் காய்ந்து சுருங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரம் டேங்க்கின் உட்சுவரில் துருவாக இறங்குகிறது. உழைத்த வண்டியில் குறை வேறு மாதிரி வரும்: டேங்க் பொருத்தியிருக்கும் இடத்தில் விரிசல், எதிலாவது உரசித் தேய்ந்த டியூப், குலுங்கித் தளர்ந்த ஸ்குரூ.

கசிவைத் தேடத் தொடங்கும் முன் வண்டியை வெளியே தள்ளிவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலைவதில்லை, தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்தில் தேங்குகிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். இரவில் வண்டியை வீட்டுக்குள் ஏற்றி நிறுத்தும் பழக்கம் நம் ஊர்களில் அதிகம். ரேழியில் நிற்கும் வண்டியிலிருந்து கிளம்பும் ஆவி, பூஜை விளக்கையோ அடுப்பையோ எட்டுவதற்கு ஓரிரவு போதும். அறுவடைக் காலத்தில் இன்னோர் ஆபத்தும் சேரும். சாலையில் உலரப் போட்ட வைக்கோல் சக்கரத்தில் மாட்டிச் சூடான சைலன்ஸரில் சுற்றிக்கொள்ளும்போது, மேலே ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஆகவே வேலை திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், எஞ்சின் ஆறிய பிறகுதான். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

தேடும்போது மனதில் இருத்த வேண்டியது ஒன்றுதான்: சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. பெட்ரோல் மெல்லிய திரவம். டேங்க்கின் அடிமடிப்பில் கசிந்தது பிரேம் குழாயோடு வழிந்து, டியூபின் மேல் இறங்கி, கார்ப்ரேட்டரின் அடியில் சொட்டும். கார்ப்ரேட்டர்தான் கெட்டுவிட்டது என்று அதை மாற்றி 2,000 ரூபாய்க்கு மேல் செலவழித்த பிறகும் சொட்டு நிற்காமல் போவது இப்படித்தான். நனைந்த பகுதி முழுவதையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டால், பெட்ரோல் வரும் வழி ஈரக்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் முனைதான் கசியும் இடம். பெட்ரோல் சட்டென்று ஆவியாகிவிடுவதால் கோடு தெரியவில்லை என்றால், பழைய கறையைப் பார்க்கலாம். நாள்பட்ட கசிவு, போன வழியில் பழுப்பு மஞ்சள் தடம் விட்டிருக்கும். வண்டிக்கடியில் செய்தித்தாள் விரித்து வைப்பதும் உதவும். பெட்ரோல் விழுந்த இடம் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். எஞ்சின் ஆயில் விழுந்த இடத்தில் கண்ணாடி போன்ற எண்ணெய்க்கறை அப்படியே நிற்கும்.

எல்லாச் சொட்டும் கோளாறு அல்ல. பத்து லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 200 மில்லி விரிகிறது. பங்க்கின் தரையடித் தொட்டியிலிருந்து வந்த குளிர்ந்த பெட்ரோலை மூடி வரை நிரப்பிக்கொண்டு, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் சித்திரை வெயிலில் வண்டி காத்து நின்றால், விரிந்த பெட்ரோல் மூடி வழியாகவோ அதன் வடிகால் டியூப் வழியாகவோ வெளியேறத்தான் செய்யும். இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பினால் அது நின்றுவிடும்.

தேடலை மேலிருந்து கீழாக நடத்துவது நல்லது: டேங்க், டேப், டியூப், கார்ப்ரேட்டர். டேங்க்கில் முதலில் துருப்பிடிப்பது அடிப்பகுதி, அதிலும் இரு தகடுகள் சேரும் மடிப்பு. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் உள்ளே சேரும் ஈரமெல்லாம் அங்கேதான் தங்குகிறது. சீட்டைக் கழற்றி, டேங்க்கின் பின்பக்க போல்ட்டை எடுத்துத் தூக்கிப் பார்த்தால் தெரியும். அடியில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, எம்-சீல் பூசிய திட்டு இருந்தாலோ, முன்பே ஒருவர் அந்தக் கசிவை மூடி மறைத்திருக்கிறார் என்று பொருள். ஊசித்துளையில் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பது பட்டறைகளில் பழைய கைவைத்தியம். சோப்பைப் பெட்ரோல் கரைக்காது, வீடு வந்து சேரும் வரை தாங்கும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. எம்-சீல் சில மாதங்கள் நிற்கலாம். ஆனால் துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வரும்போது வெளியே பூசி என்ன பயன்? ஒரு துளைக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு துளைகள் காத்திருக்கும்.

டேங்க்கைப் பற்றவைப்பதில் ஓர் எச்சரிக்கை. பெட்ரோலை வடித்துவிட்டோம், காலி டேங்க்தானே என்று வெல்டிங் பட்டறையில் நெருப்பைக் காட்டுவது உயிருக்கு ஆபத்து. நிறைந்த டேங்க்கில் திரவம் இருக்கிறது. வடித்த டேங்க்கில் ஆவியும் காற்றும் கலந்து வெடிப்பதற்குத் தோதான விகிதத்தில் நிற்கின்றன. பலமுறை சோப்புத் தண்ணீரால் கழுவி, துளை இருக்கும் இடம் மட்டும் வெளியே தெரியும்படி தண்ணீர் நிரப்பி, அனுபவமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை அது. அடித்தகடு முழுக்க அரித்துப்போயிருந்தால் நல்ல நிலையில் உள்ள வேறு டேங்க் வாங்குவதே சரி. ஸ்பிளெண்டர் போல ஊரெங்கும் ஓடும் வண்டிக்குப் புது டேங்க் எளிதாகக் கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன பழைய மாடல்களுக்குச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேட வேண்டியிருக்கும்.

டேப்பில் இரண்டு இடங்கள் கசியும். டேங்க்கோடு சேரும் இடத்தில் உள்ள வாஷர் ஒன்று, திருகும் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள துளை போட்ட ரப்பர் மற்றது. இரண்டும் சில்லறைக் காசில் முடியும் வேலை. வெளியே கசியாவிட்டாலும் டேப் உள்ளுக்குள் மூடாமல் போகலாம். டியூபைக் கழற்றி, டேப்பை மூடி, அதன் வாயில் காய்ந்த பாட்டிலை ஐந்து நிமிடம் பிடித்தால் தெரியும். ஒரு சொட்டு விழுந்தாலும் டேப் மூடவில்லை.

டியூப் விஷயத்தில் பேச அதிகம் இல்லை. அதை வளைத்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பெட்ரோலுக்கென்றே விற்கும் டியூபாக இருக்க வேண்டும். தண்ணீர் டியூபைப் போட்டால் சில வாரங்களில் கருங்கல்லாக விறைத்து முனையில் வெடிக்கும். நடுவில் பிளாஸ்டிக் பில்டர் இருந்தால் அதன் ஒட்டுப் பகுதியையும் பார்க்க வேண்டும்.

பழைய வண்டிகளில் அதிகமாகத் தொல்லை தருவது கார்ப்ரேட்டர். அதன் கீழ்க்கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து மேலேறிக் குழாயை அடைப்பது போலவே, பெட்ரோல் மட்டம் ஏறும்போது மிதவை மேலெழுந்து ஒரு சிறிய ஊசியைப் பித்தளை இருக்கையில் அழுத்துகிறது. வரத்து நிற்கிறது. ஊசி சரியாக உட்காராவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே போய், கிண்ணத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் பித்தளைக் குழாய் வழியாகக் கீழே உள்ள ரப்பர் டியூபில் வெளியேறும். மெக்கானிக்குகள் ஓவர்ஃப்ளோ என்பது இதைத்தான்.

கார்ப்ரேட்டரைக் கழற்றாமலே குறையைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் வாயில், ஒரு சாண் நீள ஒளிபுகும் டியூபை மாட்டி, அதன் நுனியை மேலே வளைத்துக் கிண்ணத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். டேப்பைத் திறந்து, வடிகால் ஸ்குரூவை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தினால், உள்ளே உள்ள மட்டம் டியூபில் அப்படியே தெரியும். கிண்ணமும் உடலும் சேரும் கோட்டைத் தாண்டி அது ஏறிக்கொண்டே போனால், குறை ஊசியிலோ மிதவையிலோ இருக்கிறது. மட்டம் கோட்டுக்குக் கீழேயே ஒழுங்காக நின்றும் வழக்கமான நேரத்தில் சொட்டுகிறது என்றால், வடிகால் ஸ்குரூ மூடவில்லை, அல்லது அந்தப் பித்தளைக் குழாயில் மயிரிழை விரிசல். இந்த விரிசலைக் கவனிக்காமல் ஊசியைத் திரும்பத் திரும்ப மாற்றுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. கிண்ணத்தைக் கழற்றி, குழாயின் உச்சிக்குச் சற்றுக் கீழ் வரை பெட்ரோல் ஊற்றி, அடியில் காகிதத்தை வைத்துப் பார்த்தால் விரிசல் காட்டிக்கொடுத்துவிடும்.

கழற்றிய ஊசியின் ரப்பர் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் வளையம் போலப் பள்ளம் விழுந்திருந்தால் புது ஊசிதான். முனை நன்றாக இருந்தும் ஒழுகுகிறது என்றால் இருக்கையில் பிசினோ துருத்தூளோ ஒட்டியிருக்கும். கார்ப்ரேட்டர் கிளீனர் அடித்து, பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் துடைத்தால் போதும். உப்புத்தாளோ கம்பியோ அங்கே படக் கூடாது, கீறல் விழுந்த இருக்கையை மறுபடி சரிசெய்ய முடியாது. மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் புகுந்திருப்பது கேட்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும், வெந்நீர் மட்டும் அடுப்பைவிட்டு வெகுதூரம் கொண்டுவந்து வைத்ததாக இருக்க வேண்டும். கிண்ணத்தைத் திரும்பப் பொருத்தும்போது பழைய ரப்பர் வளையத்தையே போடுவது வீண் சிக்கனம்.

ஊசியை மாற்றியும் ஒரு வாரத்தில் மறுபடி ஒழுகினால் பார்வையை மேலே திருப்ப வேண்டும். டேங்க்கின் துரு உதிர்ந்து வந்து ஊசியடியில் சிக்குகிறது. டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் கார்ப்ரேட்டரைச் சுத்தம் செய்வதில் பயனில்லை. இன்றைய பெட்ரோலும் இதற்குத் துணைபோகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, பின் நாடெங்கும் பரவியது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கித் துருவை வளர்க்கும். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டியை வாங்குபவர் டியூப், வாஷர், ஓ-ரிங் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், மொத்தச் செலவு பெரிதாக வராது.

வெளியே சொட்டாமல் உள்ளே போகும் கசிவு இன்னும் மோசமானது. சில வண்டிகளில் மட்டம் மீறிய பெட்ரோல் தரையில் விழாமல் எஞ்சினுக்குள் வழிந்து, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் மட்டம் கூடியிருக்கும், தண்ணியாக ஓடும், பெட்ரோல் வாடை வீசும். அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. கசிவைச் சரிசெய்துவிட்டு ஆயிலை முழுவதும் வடித்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். கிக்கர் இறங்காமல் இறுகி நின்றால், சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். வலுக்கட்டாயமாக மிதிக்காமல் மெக்கானிக்கை அழைப்பது நல்லது. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடுகிற பழைய தலைமுறையின் வழக்கம் இந்தத் தொல்லையைத் தவிர்த்துவந்தது. அது கைவிடப்பட்டதுதான் வருத்தம்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கார்ப்ரேட்டர் கிடையாது. டேங்க்குக்குள் இருக்கும் பம்ப், காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலை இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. இங்கே கசிவு, சாவி போட்டதும் பம்ப் ஓடும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் சொட்டாக வராமல் பீச்சலாக வரும். வழக்கமான இடங்கள் டேங்க்கின் அடியில் பம்ப் பொருந்தும் ஓ-ரிங், டியூபின் இணைப்பு, இன்ஜெக்டரின் ஓ-ரிங். சாதாரண டியூபை வெட்டிப் போட்டு கிளிப் மாட்டும் வேலை இதில் ஆகாது. டியூபைக் கழற்றுவதற்கு முன் அழுத்தத்தை இறக்கவும் வேண்டும். இதை அந்தக் கம்பெனி வண்டி தெரிந்தவரிடம் விடுவதே சரி.

எது சரிசெய்யப்பட்டாலும் கடைசியில் சோதித்துப் பார்க்க வேண்டும். டேங்க்கை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பி, டேப்பைத் திறந்தே வைத்து, வீட்டுக்கு வெளியே கூரையடியில் சென்டர் ஸ்டாண்டில் ஓரிரவு, சைடு ஸ்டாண்டில் ஓரிரவு நிறுத்த வேண்டும். வண்டி சாய்ந்தால் மிதவையும் சாய்வதால், சில கார்ப்ரேட்டர்கள் சைடு ஸ்டாண்டில் மட்டுமே ஒழுகும். செய்தித்தாளில் விழுந்த சொட்டு காலைக்குள் காய்ந்துவிடும் என்பதால், வடிகால் டியூபின் நுனியைச் சிறு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு வைப்பது மேல். இரு காலையிலும் பாட்டில் வறண்டிருந்து, ஆயில் குச்சியிலும் மட்டம் ஏறாமல் இருந்தால், வண்டியைப் பழையபடி உள்ளே ஏற்றலாம்.