கதிரைக் கையிற் பிறந்த கித்தார்

எமது தந்தையார் மறைந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அவருடைய சாய்மனைக் கதிரையை நாம் விற்கவுமில்லை, எவருக்கும் கொடுக்கவுமில்லை. பிரம்பு அறுந்து, பின்கால் ஒன்று முறிந்து, அது பரணிலே கிடந்தது. நல்ல கருங்காலியிற் செய்த கதிரை. இவ்வகைக் கதிரைகளின் கைகள் எத்துணை நீளமானவை என்பதை வாசகர்கள் அறிவார்கள்; அவற்றின்மேற் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிப்பதற்கென்றே அவ்வாறு அமைத்தார்கள் போலும். கடந்த ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விசேட வகுப்பை முடித்துக்கொண்டு நாம் வீடு திரும்பியபோது, அக்கதிரையின் வலக்கை அறுக்கப்பட்டுப் பின்வளவுக் கொட்டிலில் ஒரு வாங்கின்மேற் கிடந்தது. அறுத்தவன் எமது மகன்.

அவன் அப்பொழுதுதான் உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவிற் சேர்ந்திருந்தான். கித்தார் ஒன்று வாங்கித் தரும்படி இரண்டு முறை கேட்டிருந்தான். இரண்டு முறையும் பரீட்சை முடியட்டும் என்று மறுத்திருந்தோம். வாங்கித் தராவிட்டால் செய்துகொள்வேன் என்று அவன் சொன்னதை விளையாட்டுப் பேச்சென்றே கருதினோம். இப்பொழுது, வீட்டில் யாரிடமும் கேளாமல், பாட்டனார் கைவைத்திருந்த பலகையை வாளால் அறுத்துவிட்டு, "அப்பா, விரற்பலகைக்கு இதைவிட நல்ல மரம் இனிக் கிடையாது" என்று நியாயம் சொன்னான். நாம் மிகவும் கோபங்கொண்டோம். சொல்லத் தகாத சில சொற்களையும் சொன்னோம் என்பதை இங்கே மறைப்பதிற் பயனில்லை.

சத்தம் கேட்டு எமது தாயார் கொட்டிலுக்கு வந்தார்கள். அறுந்த கையைத் தடவிப் பார்த்தார்கள். "அவர் இருக்கிறதுக்குச் செய்வித்த கதிரை. இப்ப அதிலை ஆர் இருக்கினம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அதன்பின் எமக்குப் பேச இடமிருக்கவில்லை. எனினும் அன்று தொடங்கி இரண்டு மாதம்வரை நாம் அக்கொட்டிற்பக்கம் காலடி வைக்கவேயில்லை.

கித்தார் என்றாலே எமக்கு ஓர் இளக்காரம் இருந்தது உண்மைதான். வீணையும் வயலினும் கேட்டு வளர்ந்த வீடு எமது. கித்தாரோ பைலாப் பாட்டுக்கும், 1970களில் ஏ. ஈ. மனோகரன் போன்றோர் பாடிப் பரப்பிய பொப்பிசைக்கும் உரியதென்று ஒதுக்கிவைத்திருந்தோம். யாழ் என்னும் நரம்புக் கருவியின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு இன்னொரு நரம்புக் கருவியை இளக்காரமாகப் பார்ப்பது எவ்வளவு பொருந்தும் என்று அப்பொழுது எண்ணிப் பார்க்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவனுடைய மேசையிற் கிடந்த நூலொன்றைத் தற்செயலாகப் புரட்டினோம். அதிலேதான் அந்தோனியோ டி டொரெஸ் என்பவரின் வரலாற்றை முதன்முதல் வாசித்தோம். ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியிலுள்ள அல்மேரியா நகருக்கு அயலிலே, 1817 ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர். இளமையிற் கற்றது தச்சுத் தொழில். பின்னர் செவில் நகருக்குச் சென்று கித்தார் செய்யத் தொடங்கி, 1858 இல் அந்நகரக் கண்காட்சியிற் பதக்கமும் பெற்றார். இன்று உலகெங்கும் வழங்கும் மரபுக் கித்தாரின் வடிவமும், உடலின் அகலமும், ஏறக்குறைய 650 மில்லிமீற்றர் என்னும் நரம்பு நீளமும் பெரும்பாலும் அவர் கையால் நிலைபெற்றவை. அவர் 1864 இற் செய்த ஒரு கித்தாரையே புகழ்பெற்ற வித்துவானாகிய பிரான்சிஸ்கோ தார்ரேகா நெடுங்காலம் வாசித்தார். இத்தனை பெயர் பெற்றும் அத்தொழில் அவருக்குச் சோறு போடவில்லை. 1870 அளவில் அதைக் கைவிட்டு அல்மேரியாவிற் பீங்கான் கடை வைத்தார். சில ஆண்டுகளின் பின் மீண்டும் உளியை எடுத்து, 1892 இல் இறக்கும்வரை வீட்டிலிருந்தே கித்தார்கள் செய்துவந்தார்.

எம்மைக் கவர்ந்தது இவர் 1862 இற் செய்த ஒரு பரீட்சை. பௌதிகம் கற்பிக்கும் எமக்கு அது பரீட்சையாகவே தோன்றியது. கித்தாரின் நாதம் எதிலிருந்து பிறக்கிறது? விலையுயர்ந்த மரத்தாலான முதுகிலிருந்தா, பக்கங்களிலிருந்தா, முன்பலகையிலிருந்தா? டொரெஸ் ஒரு கித்தாருக்கு முன்பலகையை மட்டும் வழக்கம்போல மரத்தாற் செய்து, முதுகையும் பக்கங்களையும் அட்டைத்தாளினாற் செய்தார். அது பாடியது. முன்பலகையே உயிர் என்று அவர் காட்டிவிட்டார். அக்கருவி பார்சலோனா நகரின் இசை அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளது. ஒன்றை நிறுவ வேண்டுமாயின் ஏனையவற்றை அகற்றிப் பார்க்கவேண்டும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லும் நாம், அந்தத் தச்சரை எமது இனத்தவராகவே கண்டோம். மறுநாள் கொட்டிலுக்குப் போனோம்.

அங்கே மகன் தனியாக இருக்கவில்லை. ஒழுங்கையின் கோடியிலிருக்கும் முதிய ஓடாவியார் ஒருவர் வாங்கில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். யன்னலும் கதவும் செய்து முதுகு வளைந்தவர், கித்தார் செய்தவரல்லர். ஆனால் மரத்தை அறிந்தவர். "வாங்கோ மாஸ்டர், தம்பி என்னட்டைப் பக்கப்பலகை வளைக்கப் பழக வந்தவர். நான்தான் இப்ப அவரிட்டைப் பழகிறன்" என்றார். மகன் எம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முன்பலகைக்கு ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் மரத்தைத் தன் சேமிப்புப் பணத்திற் கொழும்பிலிருந்து தருவித்திருந்தான். குளிர்நாட்டில் மெதுவாக வளர்ந்த மரமாதலால் அதன் இரேகைகள் மயிரிழைபோல நெருங்கி நேராயிருந்தன. பாரமின்றியும் விறைப்பாகவும் இருப்பதே இம்மரத்தின் சிறப்பு. ஒரே கட்டையை நடுவே பிளந்து, புத்தகத்தை விரித்தாற்போல இரு பாதிகளையும் பக்கம் பக்கமாக ஒட்டி, சீவுளியால் இழைத்து இழைத்து இரண்டரை மில்லிமீற்றர் அளவுக்குக் கொண்டுவரவேண்டும். தடிப்பாயின் ஊமை, மெலிந்தால் நரம்பின் இழுவைக்குத் தாங்காது. ஆறு நைலோன் நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோகிராம் அளவு இழுக்கின்றன. அதாவது ஒரு பையனை அப்பலகையிற் கட்டித் தொங்கவிட்டது போன்ற சுமை! அதைத் தாங்கவே உட்புறத்தில் விசிறிபோல ஏழு மெல்லிய சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. மகன் பலகையை இரு விரல்களாற் பிடித்துத் தூக்கி, மற்றக் கையால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டான். பிறகு ஒரு சட்டத்தை உளியாற் சிறிது சீவினான். மீண்டும் தட்டினான். எமக்கு வேறுபாடு தெரியவில்லை; ஓடாவியார் தலையசைத்தார். டொரெசிடம் அவர் இரகசியம் யாதென்று கேட்ட நண்பரான பாதிரியாருக்கு, அது தம் பெருவிரல் நுனியிலும் சுட்டுவிரல் நுனியிலும் இருக்கிறது, எழுதிவைத்துச் செல்ல இயலாது என்று அவர் மறுமொழி கூறினாராம்.

அடுத்தது பக்கங்கள். ஓடாவியாரிடமிருந்த மகோகனிப் பலகையை நீளவாக்கில் அறுத்து, நனைத்து, சூடான குழாயின்மேல் வைத்து வளைக்கவேண்டும். இரும்புக் குழாயொன்றைக் கிடையாகப் பொருத்தி, அதன் ஒரு முனையிற் சிரட்டைக்கரி நெருப்பு வைத்திருந்தார்கள். மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் ஈரத்தோடு வெப்பமும் சேரும்போது இளகும். ஆறியதும் புதிய வளைவிலே இறுகிக்கொள்ளும். முதற்பலகை இடுப்பு வளைவில் முறிந்தது. இரண்டாவதும் அவ்விடத்திலேயே முறிந்தது. மகன் உளியை நிலத்தில் எறிந்துவிட்டு எழுந்து போய்விட்டான். அன்றிரவு அவன் உணவு கொள்ளவில்லை.

நாம் விளக்கைக் கொண்டுபோய் முறிந்த துண்டுகளை அளந்து பார்த்தோம். மூன்றரை மில்லிமீற்றர். வளைக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. பலகை எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்கு வெளிப்புற நார் கூடுதலாக நீளவேண்டும். கதவு செய்யும் கைக்கு மூன்றரை மில்லிமீற்றர் ஏற்கெனவே மெல்லியதாகத் தோன்றியிருக்கும். இரண்டு மில்லிமீற்றர் என்று ஒரு கடதாசியில் எழுதி, பலகைத் துண்டின்கீழ் வைத்துவிட்டு வந்தோம். காலையிற் சீவுளிச் சத்தம் கேட்டது. மூன்றாம் பலகை வளைந்தது.

பசையினால் எழுந்த தகராறையும் சொல்லவேண்டும். பழைய முறைப்படி வச்சிரத்தையே உபயோகிக்கவேண்டும் என்று ஓடாவியார் பிடிவாதமாயிருந்தார். பின்னாளிற் பழுதுபார்க்க நேர்ந்தால், சூட்டாலும் ஈரத்தாலும் மூட்டைக் கழற்றலாம் என்பது அதன் பெரு நன்மை. ஆனால் வச்சிரமாவது விலங்கின் தோலைக் காய்ச்சி எடுத்த பொருள். அதை இளஞ்சூட்டில், தண்ணீருள் வைத்த கிண்ணத்தில், கொதிக்கவிடாமற் கரைக்கவேண்டும். மரக்கறி உணவே சமைக்கும் குசினிக்குள் அக்கிண்ணம் வந்தபோது எமது இல்லாள் ஆடிய ஆட்டத்தை எழுதினால் பத்தி போதாது. கிண்ணமும் அடுப்பும் அன்றே கொட்டிலுக்குக் குடிபெயர்ந்தன.

புரட்டாதியில் விரற்பலகைக்கு வந்தோம். கதிரைக் கையை இழைத்ததும் உள்ளிருந்து மையைப்போற் கறுத்த மரம் வெளிப்பட்டது. மகன் அதன்முன் பென்சிலும் கையுமாக நின்றுகொண்டு, நான்கு மாதத்தின் பின் எம்மிடம் முதன்முதலாக ஒரு சந்தேகம் கேட்டான்: "அப்பா, மெட்டுகளின்ரை தூரம் பதினெட்டாலை பிரிச்சால் சரிதானே?"

பழைய கைவினைஞர் வழக்கம் அதுவே. நரம்பின் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கைத் தள்ளி முதல் மெட்டை அமைத்து, எஞ்சிய நீளத்தில் மீண்டும் பதினெட்டில் ஒரு பங்கைத் தள்ளி அடுத்ததை அமைப்பார்கள். வானியல் மேதையாகிய கலிலியோவின் தந்தையார் வின்சென்சோ கலிலி, இதே விகிதத்தை 1581 இல் வெளியிட்ட நூலில் லூட் என்னும் கருவிக்கு விதித்திருக்கிறார். ஆனால் அது முற்றும் சரியா? நரம்பின் நீளம் பாதியானாற் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். அந்த ஸ்தாயியை ஒரே விகிதமுள்ள பன்னிரண்டு படிகளாக வகுப்பதாயின், எந்த எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் இரண்டு வருமோ அதுவே படியின் அளவு. "அந்த எண்ணைக் கண்டுபிடி" என்று சொல்லி நாம் வாங்கில் உட்கார்ந்தோம்.

மடக்கையைக் கண்டாற் சினந்து ஓடும் பையன் அவன். அன்று மரத்தூளின்மேல் விரலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதி, 1.05946 என்று கண்டான். அதிலிருந்து, பிரிக்கவேண்டிய எண் பதினெட்டன்று, 17.817 என்பதும் வந்தது. 650 மில்லிமீற்றர் நரம்பில் முதல் மெட்டு 36.48 மில்லிமீற்றரில் விழும். பதினெட்டாற் பிரித்தால் 36.11. இது பெரிய வேறுபாடா என்று ஓடாவியார் சிரித்தார். பன்னிரண்டாம் மெட்டுவரை கணக்கிட்டுப் பார்த்தோம். சரியான இடம் நடுவிலே, 325 மில்லிமீற்றர். பதினெட்டாம் கணக்கோ 322.6 இல் நின்றது. இரண்டு மில்லிமீற்றருக்குமேற் பிழை. காது உடனே கண்டுபிடித்துவிடும். ஆனாலும் பழையவர்களை மூடர் என்று எண்ணலாகாது. மெட்டின்மேல் நரம்பை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி கூடுகிறது. பதினெட்டாம் கணக்கின் குறைவை அக்கூடுதல் ஓரளவு ஈடுசெய்தது. இக்காலத்தவர் மெட்டுகளைத் திருத்தமாக வைத்து, குதிரையை ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் பின்தள்ளி அதே குறையைத் தீர்க்கிறார்கள். இரவு பதினொரு மணியாகியும் நாங்கள் மூவரும் எழுந்திருக்கவில்லை. டொரெஸ் இறந்த அதே 1892 இற் காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே நரம்பின் நீளங்களைக் கணக்கிட்டு 1947 இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகளின் நினைவு அன்றிரவு எமக்கு வந்தது. மகனுக்கு அதைச் சொன்னோம். அவன் அந்நூலைக் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துவரச் சொன்னான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் முதுகை ஒட்டிப் பெட்டியை மூடிவிட்டார்கள். எஞ்சியது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து, துணிப்பொட்டலத்தால் மென்மையாகத் தேய்த்துத் தேய்த்து, தாள்போன்ற பூச்சுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றவேண்டும். ஈரக்காற்றிற் செய்தால் பூச்சு வெண்மை பூத்துவிடும். கார்த்திகை முழுவதும் கித்தார் பழஞ்சேலையொன்றிற் சுற்றியபடி தாயாரின் அறையில், அவர்களுடைய கட்டிலின் கீழேயே கிடந்தது. மார்கழிக் கடைசியில் வெயில் தெளிந்தது. பூச்சு வேலை தொடங்கியது.

தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் நரம்பு கட்டினார்கள். புது நைலோன் நரம்பு இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும், சுருதி நில்லாது. கட்டுவதும் தளர்வதும் மீண்டும் முறுக்குவதுமாகப் பொழுது போயிற்று. மாலையில் மகன் ஒரே ஒரு நரம்பைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தான். அந்த ஒலி கொட்டிலைக் கடந்து விறாந்தைவரை வந்தது. நேர்மையாகச் சொன்னால் மேல்நரம்புகளில் இனிமை சற்றுக் குறைவு; மூன்றாம் நரம்பு ஐந்தாம் மெட்டில் இரைகிறது. ஓடாவியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தாயார் கருங்காலி விரற்பலகையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கணிதத்தில் அவனுடைய புள்ளி அத்தவணை பெரிதாக உயர்ந்துவிடவில்லை. மாசியில் ஓடாவியார் கதிரையைப் பரணிலிருந்து இறக்கி, காலைப் பொருத்தி, புதுப் பிரம்பு பின்னித் தந்தார். ஒற்றைக் கையோடு அது விறாந்தையில் நிற்கிறது. அதிலிருந்துதான் இக்கட்டுரையை எழுதுகிறோம். கொட்டிலில் இன்னும் ஒரு சோடி ஸ்ப்ரூஸ் பலகை வந்திறங்கியிருப்பதை நேற்றுக் கண்டோம். இடக்கையைக் குறித்து அவன் இதுவரை வாய் திறக்கவில்லை. நாமோ இப்பொழுதெல்லாம் அதன்மேற் கையை வைத்தபடியே இருக்கிறோம்.