உச்சி எங்கும் போய்விடாது

'சாகசக் கல்வி' என்ற சொல்லை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாணியம்பாடியில் டேனரித் தொழிலாளியின் பிள்ளைக்குச் சாகசத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் தோல் கழிவுச் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். ஆபத்து இங்கே வீட்டுச் சோறு மாதிரி. கயிறு கட்டிப் பாறையேறுவது, ஆபத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கிற வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பில் ஒரு கோளாறு இருந்தது. மேலே விழும் ஆபத்தும் நாமே அளந்து எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் ஒன்றல்ல. முன்னது உடலைப் பணிய வைக்கிறது. பின்னது யோசிக்க வைக்கிறது.

நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியட் என்றால் வரிசையில் நிற்பது. விசில், 'அட்டென்ஷன்', மறுபடி விசில். மீதி நேரம் மைதானத்தில் கல் பொறுக்கினோம். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் அதையும் பிடுங்கிக்கொள்வார். பணியும் உடல்கள் உருவாக்கப்படுவது குறித்து ஃபூக்கோ எழுதியதைப் பிற்பாடு படித்தபோது அதில் புதுசாக ஒன்றுமில்லை எனக்கு. விசிலுக்குத் திரும்பும் உடல் ஷிப்டுச் சங்குக்கும் திரும்பும். அத்தனை வருஷத்தில் ஒரு பையன்கூட அந்த மைதானத்தில் சொந்தமாக ஒரு முடிவெடுத்ததில்லை.

நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய கர்ட் ஹான் என்ற ஆசிரியரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளியும் 1941இல் வேல்ஸில் தொடங்கியது 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளி. குண்டடிபட்ட கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் வயதான மாலுமிகளைவிட இளைஞர்கள் முதலில் சாகிறார்கள் என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது. உழைப்பாளியைத் தாக்குப்பிடிக்கச் செய்வது முதலாளிக்கும் தேவை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே உருவான முறை வேறு எதற்கும் பயன்படும். குழுவிடம் ஒரு வழியை ஒப்படைப்பது, ஆசிரியர் பின்னால் வருவது, திரும்பி வந்து உட்கார்ந்து எங்கே தப்பினோம் என்று பேசுவது.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வெளியூர்த் தனியார் பள்ளிப் பேருந்துகள் முகாமுக்கு ஏறுகின்றன. எங்கள் பிள்ளைகளோ மலையைக் கீழிருந்து பார்க்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன், என்னிடம் மாலையில் படிக்கும் 12 பேரை வனத்துறை அனுமதியோடு சுவாமி மலைக்கு அழைத்துப்போனேன். 'பொம்பளப் புள்ளைக்கு மலை எதுக்கு?' என்று ஒரு பாட்டி சண்டைக்கே வந்தாள். பாதி வழியில் ஒரு சின்னப் பையனுக்குக் கால் பிசகியது. பெரிய பையன்கள் அவனை உட்கார வைத்துவிட்டு ஏறலாம் என்றார்கள். அந்தப் பாட்டியின் பேத்தி, எட்டாவது படிக்கிறவள், ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வருகிறவள், குறுக்கே நின்றாள்: 'உச்சி எங்கயும் போயிடாது. இவன் காலு போயிடும்.' நான் வாயைத் திறக்கவில்லை. அரைமணி நேரம் சண்டை. இறங்கினோம்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டாம் என்பது பள்ளிகளுக்குச் சுலபமான பதில். வீட்டுக்குள் வைத்திருப்பது மட்டும் பாதுகாப்பா? என் அப்பா பாலாற்று மடுவில் நீச்சல் பழகியவர். நான் பழகவில்லை, அதற்குள் ஆற்றில் டேனரித் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மாசு குறித்து உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். ஆறு போனபோது காசில்லாத ஒரு பள்ளிக்கூடமும் கூடவே போனதை எந்த இழப்பீட்டிலும் யாரும் கணக்கெடுக்கவில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்தபோது, நீச்சலே தெரியாத ஒரு தலைமுறை பாலத்தின்மேல் நின்று செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தது.

உச்சியைப் பார்க்காத பையன்கள் இன்னமும் என்னை வழியில் நிறுத்தி 'எப்ப சார்?' என்கிறார்கள். பள்ளியில் போய் பி.டி. பீரியடைக் கேட்டேன். பப்ளிக் எக்ஸாம் முடியட்டும் என்றார்கள்.