பூட்டுக்குள் மூன்று பிஸ்கட்

சாணார்பட்டி டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் கழற்றி வைத்திருந்த பழைய மாங்காய்ப் பூட்டைக் கையில் எடுத்த அக்கா மகன், "மாமா, இதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?" என்றான்.

மூன்று பிஸ்கட்டை எடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் நகத்தால் ஒரு பள்ளம் சுரண்டினேன். ஒன்றில் மேலே, ஒன்றில் நடுவே, ஒன்றில் கீழே. சேர்த்து நிறுத்தினால் பள்ளங்கள் நேராக வரவில்லை.

"இதுதான் லீவர். பூட்டுக்குள்ளே தகடு தகடாய் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் சின்ன வில் ஒன்று அழுத்திப் பிடித்திருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் தகட்டை அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும். எல்லாப் பள்ளமும் நேர்கோட்டுக்கு வந்தால்தான் தாழின் முளை உள்ளே நுழையும். ஒரு தகடு கூடக்குறைய ஏறினாலும் பூட்டு அசையாது."

"கள்ளச்சாவி போட்டா?"

அந்தக் கேள்வி பழையது. 1817-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவியால் திருட்டு நடந்தது. மாற்றுச் சாவிக்கு மசியாத பூட்டு செய்பவருக்கு அரசு பரிசு அறிவித்தது. 1818-ல் ஜெரமையா சப் ஒன்றைச் செய்தார். தவறான சாவி தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால், உள்ளே ஒரு கொக்கி அதைக் கவ்விக்கொள்ளும். அதன்பின் சொந்தச் சாவிக்கே உடனே திறக்காது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். பின்னாளில் திருத்திய வடிவில் சொந்தச் சாவியையே எதிர்ப்பக்கம் திருப்பினால் கொக்கி விடும். அந்தப் பூட்டையும் 1851-ல் லண்டனில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் இருபத்தைந்தே நிமிடத்தில் திறந்து காட்டினார். பூட்டு செய்கிறவர்கள் மறுபடி யோசிக்க உட்கார்ந்தார்கள்.

இந்த மாங்காய்ப் பூட்டு நம் திண்டுக்கல் பூட்டு; அதற்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையில் அரத்தால் ராவி ராவித்தான் சாவியைப் பூட்டோடு பொருத்துகிறார்கள். இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகள் சந்தையை நிறைத்த பிறகு அந்தக் கைகள் குறைந்துவருவது எனக்குப் பெரிய வருத்தம்.

பூட்டிய பிறகும் இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறோமே, அது சந்தேகம் மட்டுமல்ல. உள்ளே தாழ் விழுந்ததைக் கை கேட்டுத் தெரிந்துகொள்கிறது. விரல் வைத்தால் திறக்கும் போனை அப்படி இழுத்துப் பார்க்க வழியில்லை. அதனால்தான் அக்கா மகனிடம் சொன்னேன்: "எந்தக் கருவியை வாங்கினாலும் உள்ளே என்ன இருக்குன்னு இதே மாதிரி கேளு."

அவன் பூட்டைக் காதருகே வைத்து, சாவியை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தான்.