கடையின் கணினிக்கும் பூட்டு தேவை

இரவில் கடையைச் சாத்தும்போது ஷட்டரை இறக்கிப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்க்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் பில்லிங் கணினி, அப்டேட் செய்யச் சொல்லி மாதக்கணக்கில் கேட்டாலும், “வியாபார நேரம், பிறகு பார்ப்போம்” என்று தள்ளிவிடுகிறோம். வாடிக்கையாளர்களின் கைபேசி எண்கள், கடன் கணக்கு, சரக்கு விவரம் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

மென்பொருளில் தெரியவரும் ஓட்டைகளை அடைப்பதே பாதுகாப்பு அப்டேட்டின் வேலை. அப்டேட் வெளியானதும், எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று அப்டேட் கொடுத்தது. ‘வான்னாகிரை’ என்ற தீய மென்பொருள் அதே ஓட்டை வழியாக மே 12 அன்று பரவத் தொடங்கி, சுமார் 150 நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. தடுக்கும் வழி கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியும், அதைப் பயன்படுத்தாமல் விட்டவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு கணினி என்றால் நினைவு வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று கிளைகள், பில்லிங் கணினிகள், டேப்லெட்கள், டெலிவரி செய்பவர்களின் கைபேசிகள் என்று பெருகிவிட்டால் மனித நினைவை நம்ப முடியாது. அப்போது இந்த வேலையைத் தானியங்கியாக்கத்தான் வேண்டும்.

முதலில் கடையில் உள்ள எல்லாச் சாதனங்களையும் பட்டியலிடுவோம். வைஃபை ரவுட்டர், கேமரா பெட்டி ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் ஓடும் கணினிகளைத் தனியாகக் குறித்து, மாற்றத் திட்டமிட வேண்டும்.

அடுத்து, கடை திறந்திருக்கும் நேரத்தை விண்டோஸ் அமைப்பில் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆவதைத் தவிர்க்கலாம். சாதனங்கள் அதிகம் என்றால் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் போன்ற மேலாண்மை மென்பொருள் உதவும். எதில் அப்டேட் ஆகவில்லை என்பதை ஒரே திரையில் பார்க்கலாம். தொலைந்துபோன கைபேசியில் உள்ள கடைத் தகவல்களை, அது இணையத்தில் இணைந்தவுடன் அழிக்கலாம். ஊழியரின் சொந்தக் கைபேசி என்றால் வேலைக்கான பகுதியை மட்டும் நிர்வகிப்போம். அவருடைய குடும்பப் படங்களும் அமானிதமே.

தானியங்கி முறைக்கும் காவல் தேவை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. எனவே முதலில் ஒரு கணினியில் மட்டும் அப்டேட் செய்து, ஓரிரு நாள் பில் போட்டுப் பார்த்த பிறகு மற்றவற்றுக்கு அனுப்புவது நல்லது. 2021 ஜூலையில் கசேயா என்ற மேலாண்மை மென்பொருளின் ஓட்டையே தாக்குதலுக்கு வழியானது. அதனால் பில் போட முடியாமல், ஸ்வீடனின் கூப் நிறுவனம் சுமார் 800 கடைகளை மூட நேர்ந்தது. ஆகவே மேலாண்மை மென்பொருளையும் புதுப்பித்து வைக்க வேண்டும். கணக்கின் நகல் ஒன்றைத் தினமும் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். செலவை மிச்சப்படுத்த ‘கிராக்’ செய்த மென்பொருளைப் போட்டுக்கொள்ளும் கடைகள் உண்டு. அவற்றில் அப்டேட் வசதியையே பெரும்பாலும் நிறுத்தி வைத்திருப்பார்கள். சில நேரம் தீய மென்பொருளும் சேர்ந்தே வரும். மார்க்கத்தின் பார்வையிலும் இது சிறிய விஷயம் அல்ல. பதிப்புரிமை போன்றவை உரிமையாளரின் ஹக். அவற்றை மீறக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988-இல் குவைத்தில் தீர்மானித்தது. ஹலாலான வியாபாரத்தின் கணக்கை, பிறர் உரிமையைப் பறித்த மென்பொருளில் எழுதுவது நமக்குப் பொருந்துமா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. இந்த வாரமே சாதனப் பட்டியலை எழுதத் தொடங்குவோம். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைகளையும் உடன் உட்காரவைப்போம். இன்ஷா அல்லாஹ், நம்மை நம்பியவர்களின் அமானிதம் பாதுகாப்பாக இருக்கும்.